பள்ளிக்கூடம் போன தாய்

அவையோருக்கு வணக்கம்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளை வளர்ப்பை யாரும் கற்றுத்தருவதில்லை. வாய்ப்பாடும் ஆறுகளின் பெயர்களும் ஒப்பித்துவிட்டு மறந்துபோகும் செய்யுள்களும்தான் அங்கே. அப்படியிருக்க, ஐந்தாறு வருடம் படித்த பெண்ணின் குழந்தைக்கு மட்டும் பிழைக்கும் வாய்ப்பு கூடுவது ஏன்?

நைஜீரியத் தரவுகளை ஆராய்ந்து 1979இல் இதை எழுப்பியவர் ஆஸ்திரேலிய மக்கள்தொகையியலாளர் ஜான் கால்டுவெல். குடும்பத்தின் வசதியைக் கழித்துப் பார்த்தாலும் தாயின் படிப்பின் பலன் தனியே நின்றது. பின்னர் 175 நாடுகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். 1970க்கும் 2009க்கும் இடையே ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் சாவு குறைந்ததில் ஏறக்குறைய பாதி, பெண்கள் படித்ததால் வந்தது.

வயிற்றுப்போக்கு கண்ட குழந்தையோடு மருத்துவமனையில் நிற்கும் தாயை நினைத்துப் பாருங்கள். உப்பு-சர்க்கரைப் பொட்டலத்தை நீட்டியபடி செவிலியர் மளமளவென்று சொல்கிறார்: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் கரையுங்கள், மிச்சத்தை 24 மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். பள்ளி கண்ட தாய் கேட்கிறாள்: "வாந்தி எடுத்தால்?" பத்து நிமிடம் பொறுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். கேட்டதால் கிடைத்த பதில் அது. முன்பின் தெரியாத அதிகாரியின் பேச்சைப் பின்தொடரவும் எதிர்க்கேள்வி போடவும் அவள் பழகியது வகுப்பறையில். பாடம் மறந்தாலும் இது மறப்பதில்லை.

பேறுகாலத்தையும் படிப்பு தள்ளிப்போடுகிறது. நைஜீரியா 1976இல் இலவசத் தொடக்கக் கல்வியைக் கொண்டுவந்தது. அதை ஆராய்ந்தவர்கள், ஓராண்டுப் படிப்பு 25 வயதுக்குள் பெறும் பிள்ளைகளில் சராசரியாகக் கால் பிள்ளையைக் குறைத்தது என்று கண்டார்கள்.

எழுத்தறியாத தாய்க்குப் பாசம் குறைவு என்று தயவுசெய்து எண்ணிவிடாதீர்கள். கென்யாவின் குசி மக்களிடையே பல ஆண்டுகள் ஆய்வு செய்த மானுடவியலாளர் ராபர்ட் லெவைன், அங்கே தாய்மார் கைக்குழந்தையோடு அதிகம் பேசுவதில்லை என்றார். ஆனால் அழுதால் உடனே தூக்கிப் பாலூட்டுவார்கள். குழந்தைகள் அடிக்கடி செத்துப்போன காலத்தில் அதுவே சரியான வளர்ப்பு.

அவரும் அவர் மனைவி சாரா லெவைனும் மெக்சிகோவிலும் ஆராய்ந்தார்கள். கூடுதலாகப் படித்த தாய்மார் அங்கே கைக்குழந்தையோடு அதிகம் பேசினார்கள். குழந்தை 'ங்கா' என்கிறது. தாய் ஏதோ கேட்கிறாள். முகத்தைப் பார்த்துக் காத்திருக்கிறாள். மறுபடி 'ங்கா' வருகிறது. என்றோ ஓர் ஆசிரியர் அவளிடம் கேள்வி கேட்டுவிட்டு அப்படித்தான் காத்திருந்தார்.