கொசுறுக் குருவி

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நிலையத்துக்குக் கிளம்பும் முன் எந்தப் புடவை கட்டலாம் என்று அரை மணி நேரம் பீரோ முன்னால் நின்றேன். வானொலியில் பேசுவதற்கு! கணவர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார், அவ்வளவுதான். பார்க்க ஆளே இல்லாத இடத்திலும் இந்தக் கவலை நம்மை விடுவதில்லை பாருங்கள்.

எனக்கு இது எங்கே தொற்றியது என்று தெரியும். அப்போது பத்து வயது. திருநெல்வேலிப் பக்கம் சின்னக் கிராமம். எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் அறுப்பின் பண்டிகை என்றால் அவரவர் வீட்டில் விளைந்ததைக் கொண்டுவந்து படைப்பார்கள். வாழைத்தார், தேங்காய், நெல், கோழி, முட்டை. ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் ஏலம். அந்த ஏலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பெரிய வீட்டு எலுமிச்சம்பழம் ஒன்று கோழி விலைக்குப் போகும். காணிக்கைதானே, போகட்டும். ஆனால் யாருடைய பழம் என்பதையும் ஊர் கவனிக்கத்தான் செய்யும்.

நான் கொண்டுபோனது ஒரு புடலங்காய். நானே விதை போட்டுத் தண்ணீர் ஊற்றி வளர்த்தது. நேராக இறங்க வேண்டுமானால் பிஞ்சிலேயே நுனியில் கல் கட்டித் தொங்கவிட வேண்டும். அது எனக்குத் தெரியாததால் காய் கொக்கி மாதிரி வளைந்துகொண்டது. ஏலம் கூறுகிறவர் அதைத் தூக்கிப் பிடித்து, "அஞ்சு ரூபா" என்றார். சத்தமே இல்லை. "சரி, மூணு ரூபா?" அதற்கும் ஆளில்லை. கடைசியில் பக்கத்தில் இருந்த பூசணிக்காயின் மேல் அதை வைத்து, "பூசணி எடுக்கிறவங்களுக்கு இது கொசுறு!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. எனக்குத்தான் காது இரண்டும் சுட்டது. அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அதன் பிறகு பல வருஷம், யாராவது என்னை விலை கேட்க மாட்டார்களா என்றே ஓடியிருக்கிறேன். பாடகர் குழுவில் தனிப்பாட்டுப் பாடிவிட்டு வாசல் பக்கம் சும்மா நிற்பேன். பத்துப் பேர் "நல்லா இருந்தது" என்பார்கள். பதினோராவது ஆள் ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டால், அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு இறங்காது. இப்போது வாட்ஸ்அப்பில் இரண்டு கோடும் நீலமாகி, பதில் மட்டும் வராமல் இருக்கும்போதும் அதே சங்கடம்தான்.

ஒரு தவக்காலத்தில், இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் சுவிசேஷங்களில் மத்தேயுவையும் லூக்காவையும் அருகருகே வைத்து வாசித்துக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் கணக்கு இடித்தது. மத்தேயு 10ஆம் அதிகாரத்தில் இயேசு, "ஒரு காசுக்கு இரண்டு அடைக்கலான் குருவிகளை விற்கிறார்கள் அல்லவா?" என்கிறார். லூக்கா 12இல், இரண்டு காசுக்கு ஐந்து குருவிகள். ஒரு காசுக்கு இரண்டு என்றால் இரண்டு காசுக்கு நான்குதானே வரும்? ஐந்தாவது எங்கிருந்து வந்தது? சந்தைக்குப் போய்ப் பழகியவர்களுக்கு யோசிக்கவே வேண்டாம். அதுதான் கொசுறு.

அந்தக் காசின் மதிப்பும் சொற்பம். அன்றைக்குக் கூலியாளின் ஒரு நாள் சம்பளம் 'பணம்' என்ற நாணயம் ஒன்று, அதில் 16இல் ஒரு பங்குதான் இந்தக் காசு. இன்றைக்கு 800 ரூபாய் கூலி என்று வைத்துக்கொண்டால் 50 ரூபாய்க்கு இரண்டு குருவி. ஏழைகள் வாங்கித் தின்ற இறைச்சி அது. அதிலும் 100 ரூபாயாக வாங்கினால் இலவசமாகக் கூடையில் விழுகிற ஒன்று. அதையும் சேர்த்துத்தான் இயேசு சொல்கிறார்: "அவைகளில் ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை."

புத்தகத்தை மூடிவிட்டேன். பூசணிக்காய் மேல் கிடந்த என் புடலங்காய்தான் கண்ணில் நின்றது.

கண்ணாடி முன்னால் நின்று "நான் உயர்ந்தவள், நான் உயர்ந்தவள்" என்று சொல்லிக்கொள்ளச் சொல்லித் தருகிறார்கள் இல்லையா, இது அந்த ரகம் இல்லை. எனக்கு அது மூன்று நாள்கூட வேலை செய்ததில்லை. குருவி தனக்குத்தானே விலை சொல்லிக்கொள்ளவில்லை. வியாபாரி சொன்ன விலையும் மாறவில்லை, சந்தையில் அது கொசுறுதான். அதை மறக்காத ஒருவர் இருக்கிறார். இன்னொன்று, இந்தக் குருவிப் பேச்சு வருகிற இடத்தைப் பாருங்கள். மனிதர்களுக்குப் பயப்படாதீர்கள் என்று சீஷர்களிடம் சொல்லிக்கொண்டு வரும்போதுதான் இது வருகிறது. அவர்கள் பயந்தது கொலைசெய்கிறவர்களுக்கு. நான் பயந்தது செருப்பை மாட்டிக்கொண்டு போனவருக்கு.

யோர்தானில் இயேசு ஞானஸ்நானம் பெற்றபோது, "நீர் என்னுடைய நேசகுமாரன், உம்மில் பிரியமாயிருக்கிறேன்" என்று வானத்திலிருந்து சத்தம் வந்ததாக மாற்கு முதல் அதிகாரத்தில் எழுதுகிறார். அந்தச் சுவிசேஷத்தில் அதுவரை இயேசு ஒரு பிரசங்கம் செய்யவில்லை, ஒருவரைச் சுகமாக்கவில்லை. பிரியம் முந்திக்கொண்டது, வேலை அப்புறம்தான் தொடங்குகிறது. நான் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன்.

ஆதிச் சபைகளுக்கு நிருபங்கள், அதாவது கடிதங்கள், எழுதிய பவுலையும் சொல்ல வேண்டும். கடிதம் பலமாக இருக்கிறது, ஆள் நேரில் வந்தால் பேச்சு ஒன்றுமில்லை என்று கொரிந்து ஊர்ச் சபையில் சிலர் அவருக்கு மார்க் போட்டார்கள். அதை அவரே தம் நிருபத்தில் எழுதிவைத்திருக்கிறார்! என்னைப் பற்றி யாராவது அப்படிச் சொன்னால் நான் எழுதிவைப்பேனா? மாட்டேன். உடனே இன்னும் நன்றாகப் பேசப் பழகியிருப்பேன்.

கோயிலுக்குள்ளும் இந்தத் தராசு இருக்கிறது. பொன்மோதிரம் போட்டவருக்கு நல்ல இடம், கந்தை கட்டியவருக்குக் காலடி என்று யாக்கோபு தம் நிருபத்தில் கண்டித்தது சபையைத்தான். இன்றைக்கும் முன்வரிசை நாற்காலியில் துண்டு போட்டுத்தான் வைக்கிறோம்.

போன வருஷ ஏலத்தில் ஒரு பையன் நாலு முருங்கைக்காயைத் துணிப்பையிலிருந்து எடுத்து வைத்துவிட்டு, கூட்டத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கேட்கலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் யாரோ 20 ரூபாய்க்குக் கேட்டுவிட்டார்கள்.

எனக்குக் கொடுத்த நேரம் முடிகிறது. வீட்டில் அம்மா ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். எப்படிப் பேசினேன் என்று அவரிடம் கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன். எப்படியும் கேட்டுவிடுவேன். வணக்கம்.