தவக்களையின் சட்டை

நேயர்களுக்கு வணக்கம். பாம்புச் சட்டையைப் பார்க்காதவர்கள் தோட்டத்தில் இருக்க மாட்டார்கள். கவ்வாத்து வெட்டிய, அதாவது கிளை நறுக்கிய மலையில், தேயிலைத் தூரோடு தூராகச் சிக்கிக் கிடக்கும். ஆனால் தவக்களையின் சட்டையை யாராவது கண்டெடுத்திருக்கிறீர்களா? அதுவும் உரிக்கத்தான் செய்கிறது. சில நாட்களுக்கோ சில வாரங்களுக்கோ ஒருமுறை.

நான் ஒரே ஒரு தடவை பார்த்தேன். லயத்துக்குப் பின்னால், தண்ணீர் விழும் பீலிக்கரையில், மழை விட்ட ஒரு ராத்திரி. டோர்ச் வெளிச்சத்தில் ஒரு தேரை முதுகைக் கூனி, வயிற்றை உப்பி, கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறந்து திறந்து மூடியது. சீக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன். அப்புறம்தான் அதன் முதுகில் கண்ணாடித்தாள் மாதிரி ஏதோ விலகுவது தெரிந்தது. பின்னங்காலால் விலாவைத் தேய்த்துத் தள்ளியது. முன்னங்காலால், சுவெட்டர் கழற்றும் பிள்ளையைப் போல, தலைவழியே இழுத்தது. கழன்றதெல்லாம் வாய்க்குள் போய்விட்டது. சட்டை நம் கண்ணில் படாததற்குக் காரணம் இதுதான், தின்றுவிடுகிறது! தோலில் உள்ள புரதத்தை வீணாக்குவானேன்?

சரி, ஏன் உரிக்க வேண்டும்? தவக்களை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. ஈரத்தில் வயிறு பட உட்கார்ந்தால் தோல்தான் உறிஞ்சும். மூச்சிலும் ஒரு பங்கு தோல்வழியே. அந்தத் தோல் தேய்ந்தாலோ கிருமி ஏறினாலோ உயிருக்கே கேடு. அதனால் கீழே புதுத்தோல் தயாரானதும், நடுவில் வழுவழுப்பான நீர் சுரந்து பழையது கழன்றுவிடும். களைக்கு அடிக்கும் மருந்து தண்ணீர் ஓடும் கானில் கலந்து வந்தால், அதையும் இதே தோல் உறிஞ்சும். மருந்துத் தாங்கியைப் பீலியில் கழுவும்போது இது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

பல்லியும் துண்டு துண்டாக உரித்துத் தின்னும். நாமும் உரிக்கிறோம், பொடிப் பொடியாக, தெரியாமலே.

பாம்பு விஷயம் வேறு. அதன் மேல்தோல் உடம்போடு சேர்ந்து வளராது. உரிப்பதற்குச் சில நாள் முன்பு கண் பால்போல் வெளுத்து, பார்வை மங்கும். அப்போது அதற்குக் கோபமும் அதிகம், கிட்டப் போகாதீர்கள். பிறகு கல்லில் மூக்கைத் தேய்த்து, காலுறையைப் புரட்டுவதுபோல் உள்பக்கம் வெளியாகக் கழற்றும். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருக்கும் கண்ணாடிச் செதிலும் சட்டையோடு வந்துவிடும். அடுத்த முறை சட்டை கிடைத்தால் தலைப்பக்கம் பாருங்கள், இரண்டு வட்டம் தெரியும். நீளத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உரியும்போது தோல் இழுபடுவதால், சட்டையைவிடப் பாம்பு குட்டைதான்.