நம் பாட்டன்மாருக்கும் புரொஃபைல் போட்டோ இருந்தது!

(ஒரு கையில் போன், மறு கையில் பழுப்பேறிய பழைய படத்தின் நகல்)

வணக்கம்! இந்தப் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரு முகம், ஓர் எண், ஒரு பெயர். இன்ஸ்டாகிராம் வருவதற்கு 140 வருடங்களுக்கு முன்பே மொரிஷியஸில் நம் ஆட்களுக்கு புரொஃபைல் இருந்தது, லைக் பட்டன்தான் இல்லை.

நம்மைப் பற்றிய கணக்கு யார் கையில் இருக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு. பின்னணியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், தூங்கிவிடாதீர்கள். ஹிட்லருக்குப் பயந்து ஜெர்மனியை விட்டு ஓடிய சில சிந்தனையாளர்கள் அமெரிக்காவில் உட்கார்ந்து, சினிமாவும் ரேடியோவும் ஆலைச் சரக்காகிவிட்டன என்று எழுதினார்கள். அப்புறம் 1977இல் கனடாக்காரர், ஊடக ஆய்வாளர் டல்லஸ் ஸ்மைத் ஒரு கேள்வி கேட்டார்: டிவி கம்பெனி விற்கிற சரக்கு எது? நிகழ்ச்சியா? அது தூண்டிலில் கோர்த்த புழு. விற்கப்படுவது அதைப் பார்க்கிற நாம், வாங்குகிறவர் விளம்பரக்காரர். பின்னணி முடிந்தது!

டிவி காலத்திலாவது நிகழ்ச்சியை அவர்கள் எடுத்தார்கள். இப்போது அதையும் நாமே எடுத்துக் கொடுக்கிறோம். காத்ர் போர்ன் மலைக்கோவில் காவடிப் படம் போடுவது என் சித்தி, காத்தோ பிமான் என்கிற மிளகாய் வடை சுடுகிற வீடியோ போடுவது பக்கத்து வீட்டுக்காரர். 2023இல் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் நடத்துகிற மெட்டா கம்பெனிக்கு வந்த வருமானம் சுமார் 13,490 கோடி டாலர், அதில் 97 சதவீதத்துக்கும் மேல் விளம்பரக் காசு. சித்திக்கு வந்தது நாற்பது லைக். இதைக் கூலியில்லாத உழைப்பு என்கிறார் ஊடக ஆய்வாளர் கிறிஸ்டியன் ஃபுக்ஸ். ஆசைக்குச் செய்வதைப் போய் உழைப்பு என்பதா என்று சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு.

சரி, இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

1867இல் இங்கே ஒரு சட்டம் வந்தது. கரும்புத் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தத்தில் வந்து, அந்த ஒப்பந்தத்தை முடித்த பழைய கூலிகளும் போட்டோ ஒட்டிய டிக்கெட்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாடோடி என்று போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். தோட்டத்தில் 'டபுள் கட்' வேறு, ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலி போச்சு. வந்தானா வரவில்லையா என்று எழுதுகிற பேரேடு முதலாளி கையில், தன்னைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க முடியாதவன் வெயிலில். 1871இல் இதையெல்லாம் எதிர்த்து 9,401 பேர் ஒரு மனுவில் ஒப்பமிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அதில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள், யோசித்துப் பாருங்கள்! முன்னால் நின்றவர் கூலிகளுக்குப் பரிந்து பேசிய வெள்ளைக்காரத் தோட்டக்காரர் அடால்ஃப் டி பிளெவிட்ஸ், கூடவே ராஜரத்தினம் முதலியார் என்ற நம் ஆள். அடுத்த வருடமே லண்டனிலிருந்து விசாரணைக் கமிஷன் வந்தது.

"கரும்பு வெட்டினவனையும் ரீல்ஸ் தள்ளுகிறவனையும் ஒரே தட்டில் வைக்காதே" என்று மாமா திட்டினார். நியாயம்தான், ரீல்ஸ் பார்க்காததற்காக யாரும் என்னை ஜெயிலில் போடப் போவதில்லை. நான் ஒப்பிடுவது அந்தப் பேரேட்டையும், இன்று நம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதி வைக்கிற கணக்கையும். 2024 ஏப்ரலுக்குள் சிம் கார்டைத் திரும்பப் பதிவு செய்யச் சொல்லி முகத்தைப் படம் பிடித்தார்களே, வரிசையில் நின்றபோது எனக்கு அந்த டிக்கெட்டுதான் ஞாபகம் வந்தது.

மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் முன்னோர் பதிவுகளைத் தேடிப் பார்க்கலாம். எங்கள் ஆளைத் தேடிப் போனேன். எழுதிய குமாஸ்தா காதில் எப்படி விழுந்ததோ, முருகன் அங்கே மூர்கென் ஆகியிருக்கிறார். வீட்டுக்கு வந்து என் போனில், என்னைப் பற்றி என்ன குறித்திருக்கிறார்கள் என்று காட்டுகிற விளம்பர செட்டிங்ஸைத் திறந்தேன். எனக்குக் கிரிக்கெட் பிடிக்குமாம், டயப்பர் தேவைப்படுமாம். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை!

நீங்களும் திறந்து பாருங்கள், உங்களைப் பற்றிய பெரிய பொய் எதுவோ அதைக் கமெண்டில் போடுங்கள். நடுவில் விளம்பரம் வந்தால் தள்ளிவிடாதீர்கள், எனக்கும் இரண்டு ரூபாய் வரும்.