ஆச்சி திட்டினால் சீரியல் மாறுமா?

(காட்சி: செட்டிநாட்டுக் கானாடுகாத்தான். பெரிய வீட்டின் வளவில், அதாவது நடு முற்றத்து ஓரத்தில் டிவி. ஆத்தங்குடிக் கல் தரையில் திரையின் வெளிச்சம்.)

குரல்: இரவு எட்டு மணி. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ப்ரோமோவில் காட்டிய தாலி இன்றைக்கும் கழுத்தில் ஏறவில்லை. "என்னத்தா இது, அந்த மஞ்சக் கயித்த இன்னும் எத்தன நாளைக்குக் கையிலயே வச்சிருப்பான்?" என்று ஆச்சி சலித்துக்கொள்கிறார். பேத்தி அதையே சேனலின் யூடியூப் பக்கத்தில் கமெண்டாகப் போடுகிறாள். இதில் எது தயாரிப்பாளர் காதுக்குப் போகும்? பெரும்பாலும் இரண்டுமே இல்லை. திட்டிக்கொண்டே ஆச்சி சேனலை மாற்றாமல் உட்கார்ந்திருக்கிறாரே, அதுதான் போகும். அதுவும் அந்த வீட்டில் மீட்டர் இருந்தால்தான்.

(காட்சி: டிவி பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. வரைபடம்.)

குரல்: 2015-லிருந்து டிஆர்பி கணக்கை, அதாவது எதை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற கணக்கைத் தருவது பார்க் (BARC) இந்தியா என்ற அமைப்பு. நாடு முழுக்க 55,000-க்கு மேற்பட்ட வீடுகளில் அதன் மீட்டர் இருக்கிறது. சேனலின் ஒலிக்குள் நம் காதுக்குக் கேட்காத ஒரு குறி கலந்திருக்கும். மீட்டர் அதைப் பிடித்து எந்த சேனல் ஓடுகிறது என்று பதிவு செய்யும். வீட்டில் யார் பார்க்கிறார் என்பதற்கு ஆளுக்கு ஒரு பட்டன். டிவி முன்னால் உட்கார்ந்ததும் அமுக்க வேண்டும். எந்தெந்த வீடு என்பது ரகசியம். ஆண்டுக்கு நாலில் ஒரு பங்கு வீடுகளை மாற்றிவிடுவார்கள். சிங்கப்பூரில் இருக்கும் பேரன் ஆப்பில் பார்ப்பது இந்தக் கணக்கில் வராது. அது வேறு கல்லா.

மெட்ராஸ் தூர்தர்ஷன் காலத்தில் நிலைமை வேறு. 'எதிரொலி' நிகழ்ச்சியில் நேயர் கடிதங்களை வாசித்து, நிலைய இயக்குநரே பதில் சொல்வார். பதினைந்து பைசா அஞ்சலட்டைக்கு அப்படி ஒரு மரியாதை இருந்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். பார்க்-கின் வாரம் சனிக்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடியும். எண்கள் அடுத்த வியாழக்கிழமை வரும். திங்கட்கிழமை ஒரு காட்சி உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால், அது எண்ணாகத் தயாரிப்பு அலுவலகத்துக்கு வந்து சேரவே பத்து நாள் ஆகும். அதற்குள் அடுத்த எபிசோடுகள் கையிருப்பில் இருக்கும். இதற்கு 'பேங்க்' என்று பெயர். பத்து எபிசோடு பேங்க் இருந்தால், வாரம் ஆறு நாள் ஓடும் தொடரில் அதுவே கிட்டத்தட்ட இரண்டு வாரம். அப்புறம் கதை விவாதம், சேனலின் ஒப்புதல், வசனம், ஷூட்டிங். ஆக மொத்தம் நாலாவது வாரத்தில்தான் மாற்றம் திரைக்கு வரும். "எவ்வளவு சொல்லியும் கேட்கவே மாட்டேங்கிறாங்க" என்ற கோபத்துக்குப் பாதிக் காரணம் இந்தத் தாமதம்தான்.

மீதிப் பாதி வேறு. கல்யாண டிராக்கில், அதாவது கதையின் கல்யாணப் பகுதியில், எண் ஏறினால் எடிட்டிங்கிலேயே நீட்டிவிடலாம். தாம்பாளம் கீழே விழும். பத்து முகத்தையும் மும்மூன்று தடவை காட்டுவார்கள். கமெண்ட் "இழுக்காதீங்க" என்கிறது, மீட்டர் "இழு" என்கிறது. சம்பளம் மீட்டரிலிருந்துதான் வருகிறது.

சரி, உங்களோடு பேசுவது யார்? ப்ரோமோ, பேட்டி, இன்ஸ்டாகிராம் லைவ் எல்லாம் பெரும்பாலும் சேனலின் டிஜிட்டல் ஆட்கள் வேலை. சேனலே தொடரை எடுத்துத் தரச் சொல்லும் கமிஷன் முறையில் தயாரிப்பாளருக்கு எபிசோடுக்கு இவ்வளவு என்று பணம், உரிமை சேனலுடையது. ஸ்லாட் முறையில் தயாரிப்பாளரே நேரத்துக்குப் பணம் கட்டி, விளம்பரத்தை விற்றுக்கொள்வார். எண் இறங்கினால் அடி நேராக அவர் மடியில். இரண்டிலும் நடிகைக்கு மெசேஜ் அனுப்பிக் கதையை மாற்றச் சொல்வதில் பயனில்லை. நாளைய காட்சியே அவருக்குக் காலையில் செட்டில்தான் தெரியவரும், பல நேரம்.

ப்ரோமோவைப் படிக்கவும் ஒரு வழி உண்டு. வார ப்ரோமோவில் அறை விழுவதைக் காட்டுவார்கள், யார் கன்னத்தில் என்பதை வெட்டிவிடுவார்கள். பெரும்பாலும் அது கனவு, இல்லை சனிக்கிழமை எபிசோடு அப்படியே உறைந்து முடியும் கடைசி ஃப்ரீஸ். இதை மாதத்துக்கு ஒரு முறை செய்தால் ரசிகர் சிரிப்பார். வாராவாரம் செய்தால் ப்ரோமோவையே நம்பமாட்டார்.

(காட்சி: "இவருக்குப் பதில் இவர்" அட்டை.)

குரல்: ரசிகரிடம் தயாரிப்பாளர் நேராகப் பேசும் ஒரே வாக்கியம் இதுதான். நடிகர் திடீரென விலகி, பேங்கும் தீர்ந்துபோனால் அட்டை போடுவதைத் தவிர வழியில்லை. கொஞ்சம் அவகாசம் கிடைத்தால் பக்குவமாகச் செய்யலாம். 2023 செப்டம்பர் 8 அன்று நடிகர் மாரிமுத்து காலமானபோது, 'எதிர்நீச்சல்' தொடரில் அவர் நடித்த ஆதி குணசேகரன் வீட்டை விட்டுப் போய்விட்டதாகக் கதை நகர்ந்தது; அதன் பிறகே வேல ராமமூர்த்தி அந்த வேடத்தில் வந்தார். துக்கத்துக்கு இடம் விட்டது நல்ல முடிவு என்றே சொல்ல வேண்டும்.

(காட்சி: செட்டிநாட்டு வீட்டு முகப்பு. டிராலி, விளக்குகள்.)

குரல்: செட்டிநாட்டுக்குக் கேமரா புதிதல்ல. ஏவி.எம். ஸ்டுடியோ சென்னைக்குப் போகுமுன் காரைக்குடிப் பக்கம்தான் இருந்தது. 1947-ல் வந்த 'நாம் இருவர்' இங்கே உருவான படம். இன்றைக்கு உங்கள் தெருவில் யூனிட் வண்டி நின்றால் சில விஷயங்கள் தெரிந்திருப்பது நல்லது. வளவில் மேலே திறந்திருப்பதால் வெயில் நகர்ந்துகொண்டே இருக்கும். வெள்ளைத் துணி கட்டி வெளிச்சத்தைச் சமாளித்து, இரண்டு மணி நேரத்துக்குள் அந்தக் காட்சியை முடிக்கப் பார்ப்பார்கள். கல் தரையும் உயர்ந்த சுவரும் எதிரொலிக்கும் என்பதால், லைவ் சவுண்ட், அதாவது அங்கேயே குரலைப் பதிவு எடுக்கும்போது முகப்பில் இருமினாலும் டேக் போச்சு. அந்த நேரத்தில் செல்ஃபி கேட்டால் கடுகடுப்புதான் கிடைக்கும். சாப்பாட்டு இடைவேளையில் புரொடக்‌ஷன் மேனேஜரிடம் கேளுங்கள், அனேகமாக அவரே நிற்க வைத்து எடுத்துக்கொடுப்பார். செட்டுக்குள் வீடியோ எடுத்துப் போடாதீர்கள். தாலி கட்டும் டிராக் முன்கூட்டியே கசிந்தால், முதலில் திட்டு வாங்குவது அந்த மேனேஜர்.

வீட்டை வாடகைக்கு விடுபவர்கள் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டியது: முட்டை வெள்ளைக் கரு சேர்த்துப் பூசிய சுவரில் டேப் ஒட்டக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது. டேப்பை உரிக்கும்போது பூச்சும் சேர்ந்து வரும். அந்தப் பூச்சைத் திரும்பச் செய்ய ஆள் கிடைப்பது லேசில்லை.

இன்னொன்று. "சீரியலில் சான்ஸ், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். கூட்டத்தில் நிற்கக் கூப்பிட்டால்கூட சம்பளம் அவர்கள்தான் தர வேண்டும், நீங்கள் தருவதல்ல.

(காட்சி: டிவியின் அடியில் ஓடும் எழுத்துகள்.)

குரல்: பதில் சொல்லியே ஆக வேண்டிய ஒரு வழியும் இருக்கிறது. பலர் கவனிப்பதில்லை. கேபிள் டிவி விதிகளில் 2021-ல் வந்த திருத்தப்படி, சேனலுக்குப் புகார் அனுப்பினால் 24 மணி நேரத்துக்குள் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், 15 நாளுக்குள் முடிவு தெரிவிக்க வேண்டும். திருப்தி இல்லையா? அடுத்த 15 நாளுக்குள் சேனல் சேர்ந்திருக்கும் சுயக்கட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம். பொழுதுபோக்கு சேனல்களுக்கு அது 2011-ல் தொடங்கிய பிசிசிசி (BCCC) என்ற ஒளிபரப்பு உள்ளடக்கப் புகார்க் குழு. அது முடிவு சொல்ல 60 நாள் கெடு.

"கதை பிடிக்கவில்லை" என்று எழுதினால் அது புகார் ஆகாது. பெண்களை இழிவுபடுத்துவது, மூடநம்பிக்கையைத் தூண்டுவது போல நிகழ்ச்சி விதி தடுத்திருக்கும் ஒன்றைச் சுட்டிக்காட்ட வேண்டும். சேனல், தொடரின் பெயர், தேதி, மணி, காட்சி, ஆட்சேபம், உங்கள் பெயர், முகவரி. ஒரு பக்கம் போதும். தேதியும் மணியும் இல்லாவிட்டால் எந்தக் காட்சி என்றே தேட முடியாது. புகார் அங்கேயே நின்றுவிடும்.

தொடர் முடியப் போகிறதா என்று ஆச்சி கேட்டால் அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டாம். எட்டு மணித் தொடர் இரவு பத்தரைக்கோ மதியத்துக்கோ நகர்ந்து, வில்லி திடீரெனத் திருந்தத் தொடங்கினால், 'இறுதி வாரம்' ப்ரோமோ எடிட்டிங் டேபிளுக்கு வந்துவிட்டது.