நெஞ்சு படபடக்கும்போது நடக்கலாமா?

(காட்சி: விடியற்காலை. தஞ்சாவூர் புது ஆற்றின் கரை.)

மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 நெருங்கினாலே காவிரிப் படுகையில் பலருக்குத் தூக்கம் கலைந்துவிடும். அணை திறக்குமா, திறந்த நீர் கடைமடை வரை வந்து சேருமா, குறுவைக்கு வாங்கிய கடனை எப்படி அடைப்பது என்று நினைவுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வர, நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது. அந்தப் படபடப்பைக் கண்டே அடுத்த பயம் பிறக்கிறது: இது மாரடைப்போ?

ஆற்றங்கரையில் விரைந்து நடப்பவருக்கும் இதே மாற்றங்கள்தாம் நிகழ்கின்றன. அவருக்கும் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது. ஆனால் அவர் அஞ்சுவதில்லை, ஏனெனில் காரணம் அவருக்குத் தெரியும். இப்படிச் சில வாரங்கள் தொடர்ந்து நடந்தால், வேகமான துடிப்பு ஆபத்தின் அடையாளம் அன்று என்பதை மூளை மெல்லப் பழகிக்கொள்கிறது. தூக்கமும் ஆழமாகிறது.

(காட்சி: நாற்றங்காலில் வேலை செய்யும் பெண்கள்.)

"நாள் முழுக்க வயலில் குனிந்து நிமிர்கிறோமே, அது போதாதா?" என்று நடவு செய்யும் பெண்கள் கேட்டால், அது நியாயமான கேள்விதான். ஆயினும், ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் பயிற்சிக்கும் மனநலத்துக்கும் ஆய்வுகளில் காணப்படும் தொடர்பு, பிழைப்புக்காகச் செய்யும் உழைப்பில் அவ்வளவு தெளிவாகக் காணப்படுவதில்லை. கூலியும் கவலையும் கூடவே வரும் வேலையில் மனத்துக்கு இளைப்பாறுதல் ஏது? களைத்த உடலுக்குக் கடும் பயிற்சி தேவையில்லை. மாலையில் தோழியருடன் கால் மணி நேரம் கும்மியடித்தாலும் அது பயிற்சியே.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. பேச முடியும், பாட முடியாது என்ற அளவே மிதமான வேகம். பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். கோடையில் வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள்.

மார்பில் அழுத்தமோ, இடக்கைக்குப் பரவும் வலியோ இருந்தால் அதைப் பதற்றம் என்று ஒதுக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மனநல மருந்து உட்கொள்பவர்கள், நடக்கத் தொடங்கிவிட்டோம் என்று அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. இரவில் தனிமை தாங்க முடியாமல் போனால், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

(காட்சி: படித்துறையில் அமர்ந்து மணிக்கட்டைப் பிடித்திருக்கும் விரல்கள்.)

நாளை நடந்து முடித்ததும் படித்துறையில் அமர்ந்து, மணிக்கட்டில் விரல் வைத்து நாடியை எண்ணுங்கள். இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் எண்ணுங்கள். ஏறிய துடிப்பு தானாகவே இறங்கி வருவதை உங்கள் விரலே உணரும்.