விசுவாசத்தை விதைப்பது கார்ட்டூனே! – பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மத்த மரியாதையெல்லாம் மனசுல வெச்சுக்கறேன், மணி அடிச்சுடுவீங்க.

எதிரணித் தோழி போற போக்குல ஒரு குண்டைப் போட்டாங்க. "தக்காளியும் வெள்ளரிக்காயும் வேதம் சொன்னா பிள்ளைக்கு விசுவாசம் வராது, பசிதான் வரும்!" நீங்க கைதட்டினீங்க. நானும் தட்டினேன், பழக்கதோஷம்.

அம்மா, காய்கறிங்க வேதக்கதை சொல்ற அந்த 'வெஜ்ஜிடேல்ஸ்' கார்ட்டூன் 1993ல வந்தது. அதை உருவாக்கின பில் விஷர் முதல்ல மிட்டாயைத்தான் நாயகனா யோசிச்சார். பிள்ளைங்க மிட்டாய் மேல பைத்தியமானா அம்மாமார் சும்மா விடுவாங்களான்னு காய்கறிப் பக்கம் திருப்பினது அவர் மனைவி. பசி வந்தாலும் நல்ல பசியா வரட்டுமேன்னு! சரி, செடிகொடி பேசக்கூடாதா? வேதத்துல நியாயாதிபதிகள் 9ஆம் அதிகாரத்தைத் திறங்க. மரங்களெல்லாம் ராஜா தேடிப் போகுது. ஒலிவமரம் மாட்டேங்குது. அத்திமரம் மாட்டேங்குது. திராட்சச்செடியும் மாட்டேங்குது. கடைசியில முட்செடி, "வாங்க, என் நிழல்ல ஒதுங்குங்க"ன்னு கூப்பிடுது. முட்செடிக்கு ஏதும்மா நிழல்? அன்னைக்கே யோதாம் மலை மேல நின்னு காட்டின கார்ட்டூன் அது! அதே வேதத்துல, குறிசொல்றவன் பிலேயாமோட கழுதை பேசினப்போ அவனுக்குப் பசியா வந்தது? புத்தி வந்தது!

"அந்த விஷரே பின்னாளில், நல்ல நடத்தையைத்தான் சொன்னோம், கிறிஸ்தவத்தைச் சொல்லலைன்னு வருந்தினாரே"ன்னும் கேட்டாங்க. அதுக்கு அருமையான பதில் இருக்கு. நேரம்தான் இல்லை.

ஏன்னா என் மகள் கதையைச் சொல்லியாகணும். நாலு வயசு. யோனா கார்ட்டூன் ஓடுது. மீன் 'லபக்'னு முழுங்குது. தூங்கற நேரமாச்சுன்னு அங்கேயே நிறுத்திட்டேன். "அப்பா, யோனா?" "நிறுத்தித்தாம்மா வெச்சிருக்கு, முடியல. காலையில வந்துடுவார்." பத்தரைக்கு எழுந்தா: "உள்ள இருட்டா இருக்குமா?" பதினொன்றரைக்கு: "அவருக்குப் போர்வை?" ஒரு மணிக்கு முழங்கால்ல நிக்கறா: "ஆண்டவரே, மீனுக்குள்ள லைட் போடுங்க." ஒன்றரைக்கு நானே எழுந்து மீனைக் கக்க வெச்சேன்! எங்க அம்மா உங்க அணிதான். "வேதத்துல கர்த்தர் கட்டளையிட்டு மீன் கக்கிச்சு. இந்த வீட்டுல ரிமோட் கட்டளையிடுது"ன்னாங்க.

அந்த அம்மா போன வருஷம் தவறிட்டாங்க.

கல்லறைத் தோட்டம். பெட்டியை இறக்கி மண் போட்டாச்சு. பதினஞ்சு வருஷமா ஞாயிறு பள்ளியில பாடம் எடுக்கறவன், உயிர்த்தெழுதல் பற்றி நோட்டு நோட்டா எழுதி வெச்சிருக்கறவன், ஒரு வசனம் வாய்க்கு வராம நிக்கறேன். இவ என் சட்டையைப் பிடிச்சு இழுத்தா.

"அப்பா, பாட்டியை நிறுத்தித்தானே வெச்சிருக்கு? முடியலதானே?"

முடியலம்மான்னேன். நடுவர் அவர்களே, நான் உட்கார்ந்துக்கறேன்.