சொத்து போச்சு, முதல் மரியாதை ஏன் போகலை?

வணக்கம். காரைக்குடிப் பக்கத்துலேருந்து ஒரு நேயர் அனுப்பின கேள்வி மனசுலயே நிக்குது. "எங்க ஊர்ல ஒரு பெரிய வீடு. முகப்பு இடிஞ்சு கிடக்கு, தேக்குத் தூணைக்கூட வித்துட்டாங்க. ஆனா கோயில்ல முதல் விபூதி இன்னிக்கும் அவங்களுக்குத்தான். சிங்கப்பூர்ல சம்பாதிச்சு மூணு மாடி கட்டினவர் பின்னாடி நிக்கிறார். உடைமைதான் அடிப்படைன்னு மார்க்ஸ் பேச்சுல சொன்னீங்களே, இது எப்படி?"

அருமையான கேள்வி. பழைய நேயர்களுக்கு என் பதில் தெரிஞ்சிருக்கும்: ஒரே கோலால அளக்காதீங்க. 1920ல இறந்த ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபரோட எழுத்து 1922ல புத்தகமா வந்தப்போ, அதுல மூணு கோல் இருந்துச்சு. வர்க்கம், அந்தஸ்து, கட்சி. வர்க்கம்னா மாசச் சம்பளம் இல்ல. சந்தைக்கு நீங்க எதைக் கொண்டு போறீங்க, நிலமா, முதலா, வெறும் கையா, அதனால உங்களுக்கு என்ன வாழ்க்கை வாய்ப்பு அமையுது, அதுதான் வர்க்கம். அந்தஸ்துன்னா யார் வீட்டுல யார் சாப்பிடுவாங்க, யார் யாருக்குப் பெண் கொடுப்பாங்க. கட்சின்னா கொடி பிடிக்கிற கட்சி மட்டும் இல்ல; முடிவைத் தன் பக்கம் திருப்பக் கூடுற எந்தக் கூட்டமும் கட்சிதான்.

மார்க்ஸைத் தள்ளிடாதீங்க. பர்மாவைப் பாருங்க. கீழ்பர்மாவோட 13 முக்கிய நெல் மாவட்டங்கள்ல அங்க வட்டிக்குக் கடன் கொடுத்த நம்ம பகுதிச் செட்டியார்கள் கையில இருந்த சாகுபடி நிலம் 1930ல 6 சதவீதம், 1937ல 25 சதவீதம். நெல் விலை விழுந்துச்சு, விவசாயியால கடனைக் கட்ட முடியலை, அடமான நிலம் கைமாறிச்சு. கடன் கொடுத்தவங்க எதிர்பார்த்தது பணம், வந்து சேர்ந்தது வயல். அப்புறம் 1942ல ஜப்பான் படை, 1948ல நில தேசியமயச் சட்டம். இந்த ஏற்ற இறக்கம் முழுக்க வர்க்கக் கணக்கு.

ஆனா இந்தக் கணக்குல அடி விழுந்தப்போ ஊர்ல மரியாதை ஏன் விழலை? அது வேற ஏட்டுல எழுதியிருக்கு. நகரத்தார்னு சொல்ற இந்தச் செட்டியார்கள்ல, கோயில் கணக்குக்குக் கல்யாணம் ஆன தம்பதி ஒரு புள்ளி. பிள்ளையார்பட்டி, இளையாத்தங்குடின்னு ஒன்பது கோயில்ல எந்தக் கோயில் புள்ளிங்கிறதுதான் கேள்வி, வங்கி இருப்பு எவ்வளவுங்கிறது இல்ல. புள்ளி வரி பணக்காரருக்கும் நொடிச்சவருக்கும் ஒண்ணுதான். உள்ளே சமம், வெளியாருக்குக் கதவு சாத்தியிருக்கும். வெபர் சொன்ன அந்தஸ்துக் குழுவுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

கதவுன்னதும் இதைச் சொல்லியே ஆகணும். நம்ம பகுதி அப்போ ராமநாதபுரம் மாவட்டம். 1930 டிசம்பர்ல ஆதிக்க சாதிக்காரங்க ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடை போட்டாங்க. அதுல சில: தங்கம், வெள்ளி நகை கூடாது, சட்டை கூடாது, குடை கூடாது, செருப்பு கூடாது, மண்பாத்திரம் தவிர வேற கூடாது. யோசிங்க: வாங்க வழியே இல்லாதவங்களுக்குத் தங்கத்தை எதுக்குத் தடை பண்ணணும்? கையில கொஞ்சம் காசு வந்து, அது சட்டையா, நகையா மாறப் போகுதுன்னு தெரிஞ்ச இடத்துலதான் தடை பிறக்குது. தேவகோட்டைப் பக்கத்துல கண்டதேவிக் கோயில் தேர் வடத்தை எல்லாரும் தொடலாமான்னு நீதிமன்றம் வரைக்கும் போனதும் இதே கதவுதான். பல வருஷம் ஓடாம நின்ன தேர் 2024 ஜூன்லதான் ஓடிச்சு.

அதனால நேயர் இன்னொண்ணையும் கேட்டிருக்கலாம்னு நினைக்கிறேன்: பணத்தை மரியாதையா மாத்துற வாசல் எது, அங்க நிக்கிறது யார்?

சிலருக்கு மட்டும் ஏன் கூடுதல் கூலியும் மரியாதையும்னு கேட்டா, 1945ல அமெரிக்க சமூகவியலாளர்கள் டேவிஸும் மூரும் சொன்ன பதில் வேற. முக்கியமான வேலைக்குத் திறமை உள்ளவங்க குறைவு, பயிற்சி கஷ்டம், அதனால கூலியும் மரியாதையும் கூட வேணும்னாங்க. 1953ல இன்னொரு சமூகவியலாளர் டூமின் திருப்பிக் கேட்டார்: திறமையைத் தேடவே விடாம வாசலை அடைச்சுட்டு, ஆள் இல்லைன்னா எப்படி? கிட்டங்கியில, அதாவது செட்டியார்களோட வெளிநாட்டுக் கடைக்கூடத்துல, பெட்டியடிப் பையனா, அதாவது தொழில் பழகுற பையனாச் சேர்ந்து கணக்கு, வட்டி, கடிதம் எல்லாம் கத்துக்கிட்டவர் உண்மையிலேயே திறமைசாலிதான். ஆனா அந்தப் பெட்டியடிக்குப் போற வழி பெரும்பாலும் உறவாலயும் சாதியாலயும் அமைஞ்சது. அந்தப் பற்றாக்குறையில ஒரு பங்கு நாமளே உண்டாக்கினது.

நீங்களே செஞ்சு பாருங்க. உங்க தெருவுல பத்து வீடு எடுங்க, மூணு பத்தி போடுங்க. முதல்ல நிலம், கடன், தொழில். கடனை விட்டுட்டா கணக்கு பொய்யாயிடும். ரெண்டாவதுல பந்தி, சம்பந்தம், கோயில் வரிசை. மூணாவதுல ஊராட்சி, கூட்டுறவுச் சங்கம், டெண்டர் யார் கையில. மூணையும் கூட்டி ஒரே மதிப்பெண் போட்டுடாதீங்க, நீங்க கேட்ட அந்த ரெண்டு வீடும் சரிசமமாத் தெரிஞ்சுடும். ஒரு வீட்டுக்கு மூணு பத்தியும் எங்க பொருந்தலையோ, அங்க நின்னு விசாரிங்க. ஆம்பளை பேர்ல மட்டும் எழுதாதீங்க, ஆச்சிக்கு வந்த சீரைத் தனி வரியா எழுதுங்க. பல வீட்டுல கடன் அடைஞ்சதே அதை வித்துத்தான்.